கையில் இருப்பதை வைத்து: வீட்டில் புதிதாகச் செய்து பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்கான அரங்க விளையாட்டுப் பட்டறைகளுக்காக யாழ்ப்பாணத்தில் வலிகாமம், வடமராட்சி, தீவகம் என்று போய்வருகிறேன். பட்டறை நடக்கும்போது பெற்றோர் சுவரோரக் கதிரைகளில் பேசாமல் இருப்பார்கள். முடிந்து பிளேன்ரீ வரும்போதுதான் கேள்விகள் வரும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான்: இதையெல்லாம் வீட்டில் எப்படிச் செய்வது, செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கலைஞர் இல்லை. பாடவும் வராது, படம் கீறவும் வராது. எனக்கு இது சரிவருமா?

இரவு மிஞ்சிய புட்டைக் காலையில் என்ன செய்தீர்கள்? வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிரட்டியிருப்பீர்கள். மீன் குழம்பின் அடி கொஞ்சம் கிடந்தால் அதையும் விட்டிருப்பீர்கள். எந்தச் சமையல் குறிப்பையும் திறந்து பார்க்கவில்லை. சட்டியில் என்ன கிடக்கிறது, யார் சாப்பிடப் போகிறார்கள், பாடசாலை வான் வர எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்தீர்கள். மிச்சத்தைக் கை செய்தது. பட்டறையில் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான்: முன்னால் இருப்பதைப் பார், இந்த நேரத்துக்கு வேண்டியதைச் செய். பாட்டும் படமும் அதில் ஒரு மூலை.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒன்றை எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த மிக எளிய வழி இது. "ஏதாவது புதிதாகச் செய்" என்று சொன்னால் பெரியவர்களே திகைத்துப்போவார்கள். வழக்கமாகச் செய்வதை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரேயொரு பொருளை மட்டும் அகற்றிப் பாருங்கள். யோசனை தானாக ஓடத் தொடங்கும்.

இடியப்பத்துக்குச் சொதி வைக்கிறீர்கள். வீட்டில் இருந்தாலும், இன்று தேசிக்காய் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் குசினிக்குள் கூப்பிட்டு, புளிப்புக்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். வளவில் மாங்காய் இருக்கும், பேணிக்குள் பழப்புளி இருக்கும், கூடையில் தக்காளி இருக்கும். ஒவ்வொன்றும் புளிக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். தேசிக்காய் என்றால் சட்டியை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும், கொதித்தால் கைத்துவிடும். மாங்காய் அப்படிக் காத்திருக்காது. வெங்காயம், பச்சை மிளகாயோடு முதலிலேயே போய் அவிய வேண்டும், தேங்காய்ப்பால் விடும் நேரத்தில் அது குழையத் தொடங்கியிருக்க வேண்டும். பழப்புளி விட்டால் சொதியின் மஞ்சள் நிறம் மங்கிவிடும், அது பலருக்குப் பிடிக்காது. தக்காளி கொஞ்சம் புளிப்பையும் கொஞ்சம் இனிப்பையும் சேர்த்தே கொண்டுவரும். பிள்ளை இவற்றை ருசி பார்த்துவிட்டு "மாங்காய்தான்" என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அதனிடம் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அடுத்த கிழமை வேறொன்றை எடுக்கலாம். தும்புத்தடி இல்லாமல் முற்றம் கூட்டுவது, கைத்தொலைபேசி இல்லாமல் மாமி வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பது, வாய் திறக்காமல் ஒரு நேரச் சாப்பாட்டை முடிப்பது. கடைசியில் சொன்னது எங்கள் வீடுகளில் பெரும் கூத்தாக முடியும். "இன்னும் கொஞ்சம் சம்பல்" என்பதைக் கையால் காட்டிப் பாருங்கள், தெரியும்.

தடைக்காலத்தில் நாங்கள் பட்ட பாட்டைத் திரும்பவும் படச் சொல்கிறீர்களா?

ஒரு அம்மம்மா கோபமாகக் கேட்ட கேள்வி. பிறகு வேறு ஊர்களிலும் கேட்டார்கள். கோபம் நியாயமானது.

போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம் அது. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் என்று தடைப்பட்டவையும் தட்டுப்பாடானவையும் ஏராளம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்தினார்கள். சுடர் போத்தலுக்குள்ளேயே நின்றதால் காற்றுக்கு அணையவில்லை, எண்ணெயும் குறைவாகவே போனது. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். கொடியில் காயும் உடுப்பை மாடு வந்து சப்பிவிடும் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிப்பது அவர்களுக்கு உரியது. அதைப் பார்த்து "என்ன ஒரு படைப்பாற்றல்!" என்று வெளியில் இருந்து மேடைபோட்டுப் பாராட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மேலே விமானம் சுற்றும்போது, கையில் வேறொன்றும் இல்லாதபோது செய்தவை அவை. பிழைத்தால் இருட்டு, அல்லது பசி, அல்லது தீக்காயம்.

நான் சொல்வது வேறு நிலைமை. அன்று பொருளை எடுத்தவர் யாரோ. இன்று எடுப்பவர் நீங்கள், வேண்டாம் என்றால் திரும்ப வைத்துக்கொள்ளலாம். பிழைத்தால் ஒரு சட்டி சொதி போகும், அவ்வளவுதான். ஆனால் ஒரு போத்தலைக் கையில் எடுத்து, இது வேறு எதற்கு உதவும் என்று திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அந்தத் தலைமுறையிடம் இன்னும் இருக்கிறது. 2022இல் எரிவாயு சிலிண்டர் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, பின்பக்கத்து விறகடுப்பை இடித்துவிடாமல் வைத்திருந்த வீடுகளில் அந்த அம்மம்மாக்கள்தான் குசினியை நடத்தினார்கள். கேள்வி கேட்ட அம்மம்மாவிடம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: பட்ட பாட்டை மட்டும் பேரப்பிள்ளைக்குச் சொல்லி முடித்துவிடாமல், அந்த விளக்கை ஒரு தடவை உங்கள் கையால் செய்து காட்டுங்கள். கொளுத்தும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

மனம்போனபடி விட்டால் குழப்படிதானே கூடும்?

கூடும். மனம்போனபடி விடச் சொல்லவில்லையே.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் ஒரு நாளாவது மேளக்காரர் பக்கம் நின்று கேளுங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. அது அசையாது. தவில்காரர் அந்த எட்டை எப்படியெல்லாம் உடைத்தாலும், எவ்வளவு தூரம் போய்வந்தாலும், வந்து சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தாக வேண்டும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டிலும் பெயர் எடுத்தது இந்தக் கணக்கில்தான். அவர் வாசிப்பு எங்கே போகிறது என்று பிடிபடாமல் சபை தவித்துக்கொண்டிருக்கும்போது, அவர் சரியான இடத்தில் வந்து நிற்பார். அந்த நேரத்தில் மனதில் எழுவதை வாசிப்பதை இசைக்காரர் மனோதர்மம் என்பார்கள்; அதன் பின்னால் குருவிடம் பாடம் கேட்ட பல வருடப் பாடாந்தரம் இருக்கிறது. தாளம் தெரியாதவர் அடிப்பது வெறும் சத்தம்.

வீட்டுக்கும் தாளம் வேண்டும். எந்த இடத்தில் செய்யலாம், எத்தனை மணி வரை, முடிந்த பிறகு யார் கூட்டித் துடைப்பது. இவற்றை முதலிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு உள்ளே தலையிடாதீர்கள். எங்கள் பெற்றோர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தொடக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டு, நடுவில் வந்து நூறு திருத்தம் சொல்வார்கள்.

பட்டறையில் "ஓம், பிறகு?" என்று ஒரு விளையாட்டுச் செய்கிறீர்களே, அது என்ன?

ஒருவர் எதைச் சொன்னாலும் மற்றவர் அதை மறுக்காமல் ஏற்று, அதன்மேல் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். எழுதி வைக்காத நாடகத்துக்கு இதுதான் அத்திவாரம். இந்த வகை விளையாட்டுகளின் வேர் தேடிப் போனால் வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்கப் பெண்மணியிடம் போய் நிற்கும். 1930களின் இறுதியில் சிகாகோவில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கியவர் அவர். விரிவுரையாகச் சொன்னால் ஏறாத விடயங்களை விளையாட்டாக மாற்றினார். அவருடைய மகன் போல் சில்ஸ் 1959இல் அதே நகரில் செக்கண்ட் சிற்றி என்ற நகைச்சுவை அரங்கை வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கினார். அங்கிருந்து இது உலகெங்கும் பரவியது.

வீட்டில் இதற்கு மேடை வேண்டாம். ஒரு பிள்ளை, "இன்றைக்குக் குக்கர் விசில் அடிக்காது, அதற்குக் கோபம்" என்று சொல்கிறது. வழக்கமான பதில் என்ன? "விசர்க்கதை கதைக்காமல் போய்ப் படி." கதை அங்கேயே செத்துப்போகும். அதற்குப் பதிலாக, வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஓம், அதைக் கோபப்படுத்தியது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். "நீங்கள்தான். நேற்று அதற்குள் பாவற்காய் போட்டீர்கள்." "ஓம், போட்டேன். பிறகு என்ன சொல்லிச் சமாதானம் செய்யலாம்?" இப்படியே போகும். உங்களுக்கு ஒரு சதம் செலவில்லை, வேலையும் நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. இது கதைக்கு மட்டும். "நான் ரியூசன் போகவில்லை" என்பதற்கும் "ஓம், பிறகு?" என்று சொல்ல வேண்டியதில்லை.

படிப்புக் கெடாதா? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வருகிறதே?

இதைச் செய்தால் புள்ளி கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி வகுப்பு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கவனமாக இருங்கள். பாடசாலை விட்டு வந்து, உடுப்பு மாற்றி, ரியூசனுக்கு ஓடி, ஞாயிற்றுக்கிழமையும் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இன்னொரு "படைப்பாற்றல் வகுப்பு" சேர்ப்பது கொடுமை. புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். இருக்கும் வேலைகளுக்குள், சாப்பாட்டுக்குள், குளிக்கும் நேரத்துக்குள், சைக்கிளில் ஏற்றிப் போகும் வழிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் அதையும் விட்டுவிடுங்கள். வானம் இடிந்து விழாது.

கடையில் வாங்கும் விளையாட்டுச் சாமானுக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம்?

பூவரசு இன்னும் நிற்கும் வேலி என்றால், ஒரு இலையைச் சுருட்டி நுனியை நசுக்கி ஊதக் கொடுங்கள். ஒரு மணி நேரம் போகும், உங்கள் காதும் போகும்.

ஆனால் தை மாதம் என்றால் நான் பட்டத்தைத்தான் சொல்வேன். வாடைக்காற்று வீசும் காலம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே விமானமும் பாம்பும் வண்டிலும் வானத்தில் போகும். வீட்டுப் பிள்ளைக்கு அந்த அளவு வேண்டாம். சீவிய மூங்கில், மெல்லிய தாள், நூல், வாலுக்குப் பழஞ்சீலைக் கிழிசல் போதும். கட்டித் தருவதோடு நில்லுங்கள். ஏற்றிப் பார்த்துத் திருத்துவது பிள்ளையின் வேலை. பட்டம் குத்துக்கரணம் போட்டால் வால் காணாது, இன்னொரு முழம் கட்ட வேண்டும். எழும்பவே மறுத்தால் வால் பாரம், கிழிக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் முச்சையைப் பார்க்க வேண்டும். பட்டத்தில் கட்டும் நூல்கள் ஒன்றுசேரும் அந்த முடிச்சு ஒரு விரற்கடை தள்ளினாலே எல்லாம் மாறிவிடும். பிள்ளை கட்டும், ஓடும், விழும், அவிழ்க்கும், திரும்பக் கட்டும். பெரிய பையன்கள் இதோடு விடமாட்டார்கள். வில்லாக வளைத்த தடியில் தட்டையான நாரை இழுத்துக் கட்டி விண் பூட்டுவார்கள். காற்றில் அது கூவும். முன்பு பனைநார், இப்போது பொதி கட்டும் பிளாஸ்ரிக் நாடா. எந்த நாடா எந்தச் சுதியில் கூவும் என்பதில் ஊருக்கு ஊர் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

மின்கம்பி இல்லாத வெளியில் ஏற்றுங்கள். சிக்கினால் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

எதில் புதிதாகச் செய்து பார்க்கவே கூடாது?

மின்சாரத்தில். எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. மருந்தில். குழந்தைக்கு எந்த அளவு பாணி மருந்து என்பதில் கற்பனைக்கு இடமில்லை.

சாப்பாட்டிலும் தொடக்கூடாத இடங்கள் உண்டு. மரவள்ளியில் இயல்பாகவே நச்சுப்பொருள் இருக்கிறது. தோலை முழுதாக அகற்றி, பாத்திரத்தை மூடாமல் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கைக்கும் கிழங்கை எறிந்துவிட வேண்டும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை வடித்துக் கைப்பை எடுத்த பிறகுதான் கூழுக்குக் கரைப்பார்கள். "நேரமில்லை, அப்படியே போடலாம்" என்பது புதுமை ஆகாது. இந்த முறைகளை ஆச்சிமார் பலதடவை செய்து, சிலதடவை வருத்தம் கண்டு, நிலைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒன்றையும் எறிய மனம் வருவதில்லை. சேர்த்துச் சேர்த்து வீடு குப்பையாகிவிட்டதே?

ஒரு பனையோலைக் கடகம் வையுங்கள். அது நிறைந்தால், புதிதாக ஒன்று உள்ளே போக முன் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். வீட்டுக்கு வெளியே ஒன்றும் சேர்க்க வேண்டாம். சிரட்டை, பேணி, தயிர்ச் சட்டி, ரயர், எதில் மழைத்தண்ணீர் நின்றாலும் நுளம்பு முட்டையிடும். கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் டெங்குக் காய்ச்சல் கூடுவது எல்லோரும் அறிந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது, "இது பிள்ளையின் கைவேலைச் சாமான்" என்றால் அவர் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. கவிழ்த்து வையுங்கள், அல்லது உள்ளே வையுங்கள்.

பிள்ளையின் அப்பா இதில் சேரவே மாட்டார். என்ன செய்வது?

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சேர மாட்டார். பழுதான மின்விசிறியை முன்னால் வைத்துவிட்டு, பிள்ளையைத் திருகாணி பிடிக்க விடுங்கள். மிச்சம் தானாக நடக்கும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு.

ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். இடம் எங்கே?

சுவரில் ஒரு கதவகலம் போதும். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தை ஒட்டிவிடுங்கள், அதில் யாரும் எதையும் எழுதலாம், கீறலாம். மாதம் முடியக் கழற்றி மாற்றுங்கள். வீட்டுக்காரரும் சுவரைப் பற்றிக் கதைக்க மாட்டார்.

பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவில். நான் இங்கே தனியாக. எனக்கு ஏதும் உண்டா?

உங்களுக்குத்தான் நிறைய உண்டு. அங்கே குளிர்காலம் என்றால் யாழ்ப்பாணம் அவர்களைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால், கோடையில் ஒன்பதரை. நீங்கள் காலை ஏழு மணிக்குத் தேநீர் குடிக்கும்போது அவர்களுக்கு முதல் நாள் இரவு, படுக்கப் போகும் நேரம். "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதோடு அழைப்பு முடிந்துபோவதால்தான் பிள்ளை கைத்தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறது.

குசினியிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடியுங்கள். தேங்காய் திருவும் திருவலையோ, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியோ, இடியப்ப உரலோ. பெயரைச் சொல்ல வேண்டாம். இது என்னவாக இருக்கும் என்று பிள்ளை ஊகிக்கட்டும். நீத்துப்பெட்டியைத் தொப்பி என்று சொன்னால் தலையில் போட்டுக் காட்டுங்கள். உண்மையான உபயோகத்தை அடுத்த நாள் சொல்லலாம். பிறகு பிள்ளை தன் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் காட்டும். நீங்கள் ஊகிக்க வேண்டும். நொடி, அதாவது விடுகதை, போடுவதும் நன்றாக ஓடும். பழைய நொடிகள் இரண்டு மூன்றைச் சொல்லிவிட்டு, பனி அள்ளும் சவளுக்கு ஒரு நொடி கட்டச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் உடைந்து உடைந்துதான் வரும். திருத்தாதீர்கள், விடை தேடுங்கள்.

பிள்ளை செய்தது நன்றாக இல்லாவிட்டாலும் பாராட்ட வேண்டுமா?

வேண்டாம். பொய்ப் பாராட்டைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "இதில் உனக்குப் பிடித்தது எது, இன்னொரு தடவை செய்தால் எதை மாற்றுவாய்" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்ததைப் பற்றி மட்டும் மூச்சுவிடாதீர்கள்.

குடும்பமாக ஒரு நாள் செய்யக்கூடியது ஏதாவது?

ஒடியற்கூழ். எந்த இரண்டு வீட்டுக் கூழும் ஒன்றாக இருந்ததில்லை. அடிப்படை மட்டும் நிலையானது: கைப்பு எடுத்த ஒடியல் மா, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி, ஒரு பிடி அரிசி. மற்றதெல்லாம் அன்றைய கடலும் அன்றைய வளவும் தீர்மானிப்பவை. ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டும், என்ன என்பதை முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சந்தையிலிருந்து மீன் தலையோடு வருவார், ஒருவர் நண்டு, ஒருவர் பயற்றங்காய், ஒரு சின்னன் முருங்கையிலையை உருவிக்கொண்டு வரும், இன்னொன்று பலாக்கொட்டை. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எது அவிய அதிக நேரம் எடுக்கும் என்று பிள்ளைகளே வரிசைப்படுத்தட்டும். அரிசியும் பலாக்கொட்டையும் முதலில், பயற்றங்காய் பிறகு, கடலுணவு அதற்குப் பின், கரைத்த மாவும் புளியும் மிளகாயும் கடைசிக்குக் கிட்ட, இலை இறக்கும்போது. வரிசையைப் பிழையாகச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், பல நேரம் வாதம் சுவையாக இருக்கும். யாரோ ஒருவர் அன்னாசி கொண்டுவந்தால்? ஒரு சின்னச் சட்டியில் பிரித்து ஊற்றி, அதற்குள் போட்டுப் பாருங்கள். முழுப் பானைக்குள் போடாதீர்கள்.

குடிக்கப் பலாவிலையைக் கோலிக் கொடுங்கள். உப்பை மட்டும் ஒரே ஆள் போட வேண்டும். வந்தவர் எல்லோரும் ருசி பார்த்து ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் அந்தக் கூழை மாடுகூடக் குடிக்காது.